தபால்தலைச் செலவு

(தென் மாவட்டங்களில் சிறிய அளவில் தொண்டு நிறுவனம் நடத்துபவர்களின் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாதக் கடைசியில் வங்கிப் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இந்த அரங்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆயாம்மாவுக்குச் சம்பளம், மளிகைக் கடைப் பாக்கி, வேனுக்கு டீசல், இந்த மூன்றில் எதைத் தள்ளிப்போடலாம் என்று யோசித்த இரவுகள் உங்கள் எல்லோருக்கும் உண்டு. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு சிறிய பள்ளியில் இருபத்தைந்து வருடம் பொருளாளராக இருந்து கணக்கு எழுதியவன். அந்த அனுபவத்தில், நான் செய்த ஒரு தவறிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன். அதை விடப் பயனுள்ளதாக எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தது. பள்ளியை மூடினோம். ஆனால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு அப்பா தினக்கூலி. நிர்வாகக் குழு தொலைபேசியிலேயே கூடியது. எதைக் குறைப்பது என்று பட்டியல் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர்களுக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்று அனுப்புவது எங்கள் வழக்கம். முதல் பக்கத்தில் ஒரு பிள்ளை வரைந்த படம், உள்ளே அந்தக் காலாண்டில் நடந்தது, கடைசிப் பக்கத்தில் வரவு செலவு. “அச்சு, தபால்தலை” என்ற வரியை நான்தான் அடித்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. பணத்தை மிச்சப்படுத்த மட்டும் அதைச் செய்யவில்லை. ஊரே வேலையிழந்து நிற்கும்போது பணம் கேட்டுக் கடிதம் போடுவது மரியாதை இல்லை என்று உண்மையிலேயே நம்பினோம்.

ஒரு வருடத்துக்கு மேல் கடிதம் போகவில்லை. அடுத்த கணக்கு முடிவில் பார்த்தால், மாதாமாதம் இருநூறு, முந்நூறு அனுப்பியவர்களில் பாதிக்கு மேல் காணோம். காலம் அப்படி, யாரைக் குறை சொல்ல என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். மணியார்டர் காலத்திலிருந்து எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். “தம்பி, பள்ளிக்கூடம் நடக்குதா, இல்ல மூடிட்டீங்களா?” என்று கேட்டார். நடக்கிறது டீச்சர் என்றேன். “கடுதாசியே வரலையே. மூடியிருப்பீங்கன்னு நெனச்சிட்டேன். எனக்குப் பென்ஷன் ஒரு மாசமும் நிக்கலியே தம்பி. யாரும் கேக்கல, அதான் அனுப்பல” என்றார்.

நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாளே பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆயிற்று. பெரும்பாலானவர்கள் வீட்டில் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. சிலர் பள்ளி மூடிவிட்டது என்று நினைத்திருந்தார்கள். சிலர் தங்களைத் தேடி வந்து கேட்ட வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள், அதுவும் நல்ல காரியம்தான். உண்மையிலேயே விழுந்துபோனவர்களும் இருந்தார்கள். விசைத்தறி வைத்திருந்த ஒருவர் தறிகளை விற்றுவிட்டதாகச் சொன்னார். “இப்ப முடியாது சார். ஆனா லிஸ்ட்லேருந்து என் பேரை எடுத்துராதீங்க” என்றார். கடிதம் அனுப்பாமல் அவருக்கு நாங்கள் காட்டியதாக நினைத்த மரியாதை, அவருடைய பேரைப் பட்டியலிலிருந்து எடுத்ததாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கஷ்ட காலத்தில் கொடுக்கிறவர் கை சுருங்குவதற்கு முன்பே கேட்கிறவர் வாய் மூடிவிடுகிறது. நம்மைப் போன்ற நிறுவனங்கள் தளர்ந்துபோவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். இதை என் அனுபவத்தோடு நிறுத்தாமல், இதைவிடப் பெரிய பஞ்ச காலத்தில் கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று பார்ப்போம்.

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, உலகம் முழுவதும் விலைவாசி விழுந்தது. விழுந்தால் நல்லதுதானே என்று தோன்றும். விளைவிக்கிறவனுக்கு அது சாவு. தஞ்சாவூர் நெல் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்துவிட்டது. வரியும் கடனும் மட்டும் பழைய அளவிலேயே இருந்தன. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. இந்தியக் குடியானவர்கள் வீட்டுத் தாலிக்கொடியும் வளையலும் உருக்கப்பட்டு, கப்பல் கப்பலாக வெளியே போயின. அப்படிப்பட்ட நேரத்தில், 1933 நவம்பரில், ஒருவர் வார்தாவிலிருந்து கிளம்பி நாடு முழுக்கப் பணம் கேட்டுப் பயணம் செய்தார்.

காந்தியின் ஹரிஜன யாத்திரையைத் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத்தான் படித்திருக்கிறோம். அது நிதி திரட்டும் பயணமும்கூட. ஒன்பது மாதம், சுமார் 12,500 மைல், கிட்டத்தட்ட 8 லட்சம் ரூபாய். அவர் எப்படிக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். கையெழுத்து வேண்டுமா, ஐந்து ரூபாய் கொடு. வரவேற்புப் பத்திரம் வாசித்துக் கொடுத்தால், அதை அந்த மேடையிலேயே ஏலம் விடுவார். பெண்கள் கூட்டத்தில் கழுத்தையும் கையையும் பார்த்து நேராகவே கேட்பார். கூச்சமே கிடையாது. தனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை என்பதால் வந்த கூச்சமின்மை அது.

1934 ஜனவரியில் மலபாரில் வடகரை என்ற ஊரில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் மேடைக்கு வந்து கையிலிருந்த வளையலைக் கழற்றினாள். பிறகு கழுத்துச் சங்கிலி, பிறகு காதில் கிடந்தது. காந்தி அவளிடம், அப்பா அம்மா சம்மதம் உண்டா என்று விசாரித்தார். கொடுத்ததற்குப் பதிலாக இன்னொரு நகை செய்துகொள்ளக் கூடாது என்றும் சொன்னார். அதோடு விடாமல் தன் பத்திரிகையில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். வீட்டு நகையை வரி கட்ட உருக்கிக்கொண்டிருந்த நாடு அது. அந்த நாட்டின் ஒரு சிறு ஊரில் நடந்த ஒரு கொடை, வாங்கியவரின் கையாலேயே எழுதப்பட்டு நாடு முழுக்கப் போகிறது. இன்று “மார்க்கெட்டிங்” என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதில் பாதி அதற்குள் இருக்கிறது. கொடுத்தவரின் பெயர் மறக்கப்படவில்லை. கொடுத்த செயலுக்கு ஒரு பொருள் சொல்லப்பட்டது. அடுத்த ஊரில் கூட்டத்துக்கு வந்த பெண்களுக்கு, தாங்களும் செய்யக்கூடிய காரியம் அது என்று தெரிந்தது.

வடகரையில் அது நடந்த சமயத்திலேயே, ஜனவரி 15-ஆம் தேதி, பீகாரில் பெரும் பூகம்பம். செய்தி விரிவாக வந்துசேர்ந்தபோது காந்தி தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கம் இருந்தார். இரண்டு நிதிக்கும் ஒரே மக்களிடம் கேட்க வேண்டிய நிலை. இன்று நம்மில் பலர் இப்படி வந்தால் நம் நிதி போய்விடுமே என்று பயப்படுவோம். 2018-இல் கஜா புயல் வந்தபோது எங்கள் குழுவிலேயே அந்தப் பேச்சு எழுந்தது. அவர் இரண்டையும் கேட்டார். ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தவில்லை. பீகாருக்குக் கொடுத்தவர்கள் ஹரிஜன நிதிக்கும் கொடுத்தார்கள். கொடுத்துப் பழகிய கை அடுத்த முறையும் நீளும் என்பதை நானும் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு காரியத்துக்கு ஒருவர் கொடுத்துவிட்டார் என்பதற்காக நம் பட்டியலிலிருந்து அவரைத் தள்ளிவைப்பது சரியான கணக்கு அல்ல.

இந்த யாத்திரையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். அந்தப் பணத்தை நிர்வகித்த ஹரிஜன சேவக சங்கத்தில், யாருக்காகப் பணம் திரட்டப்பட்டதோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று அம்பேத்கர் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனம் நியாயமானது, இன்றும் நம்மை நோக்கி நிற்கிறது. எங்கள் பள்ளிக் குழுவில் காது கேளாத ஒருவர் உறுப்பினராக வந்தது பள்ளி தொடங்கிப் பத்தொன்பது வருடம் கழித்து. வந்தவுடன் அவர் செய்த முதல் காரியம், எங்கள் கடிதத்தில் வந்துகொண்டிருந்த ஒரு புகைப்படத்தை எடுக்கச் சொன்னது. அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையின் படம். நிதி நன்றாக வரும் என்று நாங்கள் வைத்திருந்தோம். “அந்தப் பையன் பெரியவனானதும் இதைப் பார்ப்பான்” என்று எழுதிக் காட்டினார். எடுத்துவிட்டோம். நன்கொடை குறையவில்லை. குறைந்திருந்தாலும் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக அமெரிக்காவுக்குப் போவோம். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921-இல், 39 வயதில், போலியோ வந்து கால்கள் செயலிழந்தன. ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்று ஒன்று அவருக்கு ஆறுதல் தந்தது. 1926-இல் தன் சொத்தில் பெரும்பகுதியைப் போட்டு அந்த இடத்தை வாங்கி நோயாளிகளுக்கான சிகிச்சை இல்லமாக ஆக்கினார். மூன்று வருடத்தில் சந்தை சரிந்தது, பெரிய பணக்காரர்களின் நன்கொடை வற்றிப்போனது. அந்த இல்லம் மூடுகிற நிலைக்கு வந்தது.

அப்போது இல்லத்தை நடத்தியவர்கள் திசையை மாற்றினார்கள். பணக்காரர் சிலரிடம் கேட்பதை விட்டுவிட்டு ஊர் ஊராக எல்லோரிடமும் கேட்கலாம் என்று முடிவு செய்தார்கள். ரூஸ்வெல்ட் அதற்குள் ஜனாதிபதியாகிவிட்டார். அவருடைய பிறந்தநாளான ஜனவரி 30 அன்று, 1934-இல், நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான ஊர்களில் நடன விருந்துகள் நடந்தன. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆடலாம். ஒரே இரவில் 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வேலையில்லாதவர் வரிசை தெருமுனை வரை நின்ற நாட்டில் இது நடந்தது.

ஆனால் அடுத்த வருடங்களில் வசூல் குறைந்தது. ஜனாதிபதியின் பெயரோடு ஒட்டியிருந்ததால் எதிர்க்கட்சிக்காரர்கள் ஒதுங்கினார்கள். இதை ஒரு பாடமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்களிலும் ஒரு எம்.எல்.ஏ.வின் தயவில் நிமிர்ந்த இல்லங்கள் அடுத்த தேர்தலுக்குப் பிறகு என்ன ஆயின என்று உங்களுக்குத் தெரியும். 1938 ஜனவரியில் கட்சி சாராத தேசிய அறக்கட்டளை ஒன்று தொடங்கப்பட்டது. அந்த மாதம் அமெரிக்கா மந்தத்திலிருந்து மீண்டு வந்து, மறுபடி ஒரு சரிவில் மாட்டியிருந்த நேரம். அப்போது எட்டி கேன்டர் என்ற வானொலி நகைச்சுவைக் கலைஞர் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு டைம் நாணயத்தை, அதாவது பத்து சென்ட்டை, உறையில் போட்டு நேரே வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொல்லி வானொலியில் கேட்போம் என்றார். அப்போது பெயர் பெற்றிருந்த ஒரு செய்திப்பட வரிசையின் தலைப்பைத் திருப்பி, அதற்கு ‘டைம் நாணயங்களின் அணிவகுப்பு’ என்று பெயரும் வைத்தார்.

முதல் இரண்டு நாள் வந்தது சொற்பம். யோசனை தோற்றது என்றே நினைத்தார்கள். பிறகு தபால் மூட்டை மூட்டையாக வந்து கொட்டியது. வெள்ளை மாளிகைக்கு வர வேண்டிய அரசாங்கக் கடிதங்களே அந்தக் குவியலில் தொலைந்துபோகும் அளவுக்கு. குழந்தைகள் அட்டையில் நாணயத்தை ஒட்டி அனுப்பினார்கள். எண்ணி முடித்தபோது 26 லட்சத்து 80 ஆயிரம் டைம் நாணயங்கள். பணமாகப் பார்த்தால் 2 லட்சத்து 68 ஆயிரம் டாலர்தான். பிறந்தநாள் விருந்துக்கு வந்ததைவிட மிகக் குறைவு. ஆனால் விருந்து ஓர் இரவோடு முடிந்துபோகிறது. பத்து சென்ட் அனுப்பிய குடும்பத்துக்கோ அடுத்த ஜனவரியில் இன்னொரு பத்து சென்ட் அனுப்ப வேண்டும் என்று தோன்றும்.

அந்த அமைப்பு செய்த இன்னொரு காரியத்தையும் உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். ஊர்க் கிளைகள் திரட்டிய பணத்தில் பாதி அந்த ஊரிலேயே தங்கியது, அங்கே போலியோ வந்த குழந்தையின் சிகிச்சைக்கு. மறுபாதி ஆராய்ச்சிக்குப் போனது. கொடுத்தவர் தன் தெருவில் கால் கட்டுக் கம்பியோடு நடக்கும் பிள்ளையைப் பார்க்கிறார், தன் பணம் அங்கே போனது தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆராய்ச்சிக்கு மறுபாதி போவதை அதனால்தான் நம்பினார். 1954-இல் 18 லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு அரசாங்கம் பணம் தரவில்லை, இந்தச் சில்லறைதான் தந்தது. 1955 ஏப்ரல் 12, ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்து வருடம் ஆன அன்று, ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பலன் தருகிறது என்று அறிவித்தார்கள். அமெரிக்காவின் பத்து சென்ட் நாணயத்தில் 1946 முதல் ரூஸ்வெல்ட்டின் முகம் இருப்பதற்குக் காரணமும் அந்த டைம் வசூல்தான்.

சில்லறைக்கு இந்த வலிமை உண்டு என்பது நமக்குப் புதிதல்ல. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, ஊர் வீடுகள் தினமும் உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி. கடைத்தெருவில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து அதையும் பள்ளிக்குச் சேர்த்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. பிடி அரிசியின் சூட்சுமம் அளவில் இல்லை. தினமும் உலை வைக்கிற நேரத்தில் அந்தப் பள்ளி ஒரு பெண்ணின் நினைவுக்கு வருகிறது. மழை இல்லாத வருடத்திலும் உலை வைத்துத்தான் ஆக வேண்டும். கலயத்தில் போடும் பிடி சிறுத்திருக்கலாம், கலயம் தூக்கிப்போடப்பட்டிருக்காது. மகமையும் அப்படியே. வியாபாரம் சரிந்தால் மகமை சரியும், நின்றுபோகாது. வருமானத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி கொடையை அமைத்த அந்த வியாபாரிகளின் புத்தியை, நாம் இன்று “மாதம் ஐந்நூறு ரூபாய்” என்று இறுக்கமாகக் கேட்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பள்ளியில் இப்போது கேட்கும் முறையை மாற்றிவிட்டோம். முடிந்த மாதம் முடிந்ததை அனுப்புங்கள், முடியாத மாதம் வெறுமனே ஒரு வரி எழுதுங்கள் என்கிறோம். அந்த ஒரு வரி வந்துகொண்டிருக்கும்வரை அவர் நம்முடையவர்.

பணமாக இல்லாமல் பொருளாகக் கேட்ட உதாரணமும் நம்மிடம் உண்டு. 1950களின் கடைசியில் நம் மாநிலக் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். அரசிடம் பணம் இல்லாத காலம். ஊர்ப் பள்ளிக்கு என்ன தேவை என்று பொருள் பொருளாகப் பட்டியல் போட்டு ஊர்க்காரர்கள் முன்னால் வைத்தார்கள். கூரை, பெஞ்சு, கடிகாரம், தண்ணீர்ப் பானை. பணம் என்று கேட்டால் எவ்வளவு கொடுப்பது என்ற தயக்கம் வரும். பெஞ்சு என்று கேட்டால் தச்சர் ஒரு நாள் வேலையைக் கொடுப்பார், மரக்கடைக்காரர் பலகையைக் கொடுப்பார். கையில் காசில்லாத காலத்தில்கூட மனிதரிடம் உழைப்பும் பொருளும் இருக்கின்றன. எங்கள் பள்ளியில் காதொலிக் கருவிக்கு பேட்டரி ஒரு ஓயாத செலவு. “நன்கொடை தாருங்கள்” என்று பத்து வருடம் எழுதினோம். ஒரு கடிதத்தில், ஒரு பிள்ளைக்கு ஒரு மாதப் பேட்டரிக்கு எவ்வளவு ஆகிறது என்று மட்டும் எழுதினோம். அந்தக் கடிதத்துக்கு வந்த பதில் வேறு எந்தக் கடிதத்துக்கும் வரவில்லை. மருந்துக் கடைக்காரர் ஒருவர் தன் கடையில் ஒரு டப்பா வைத்து அதன் மேல் “பேட்டரி” என்று எழுதி ஒட்டினார். இன்றும் அந்த டப்பா இருக்கிறது.

இனிக் கம்பெனிப் பணம். உங்களில் பலர் இதைத்தான் கேட்க வந்திருப்பீர்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று வருட நிகர லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மூன்று வருடச் சராசரி என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தொழில் விழுந்த வருடத்தில் இந்தப் பணம் உடனே விழாது, பழைய நல்ல வருடங்களின் கணக்கு அதைத் தாங்கும். விழுந்ததன் பாரம் அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் தெரியும். எல்லோரும் மந்தம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும் சமயத்தில் நம் கம்பெனிப் பணம் குறையும். இதைத் தெரிந்துகொண்டு முதல் வருடத்துப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்காத நிறுவனங்கள் மூன்றாம் வருடத்தில் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். தவிர, 2020 மார்ச்சில் புதிதாகத் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும் என்று அரசு அறிவித்தபோது, கம்பெனிகளின் பார்வை எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதும் தெரிந்தது. அந்தப் பணம் வந்தால் வாங்குங்கள். அதன் மேல் ஆசிரியர் சம்பளத்தைக் கட்டிவைக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் அதைவிட நிச்சயமற்றது. 2020 செப்டம்பரில், நோய் உச்சத்தில் இருந்தபோது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 சதவீதமாகக் குறைந்தது. பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாகப் பணம் பெற்று நடந்த கிராமத்து அமைப்புகளுக்கு அந்த வழி ஒரே நாளில் அடைபட்டது. வரிச் சலுகையும் இப்போது பெரிய ஈர்ப்பாக இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு 80ஜி கழிவு கிடையாது, சம்பளக்காரர்களில் நிறையப் பேர் அந்த முறைக்குப் போய்விட்டார்கள். “80ஜி உண்டு” என்று கடிதத்தின் தலையில் அச்சடிப்பதை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எழுதலாம். ரசீது மட்டும் தவறாமல் கொடுத்துவிடுங்கள். ரசீது போகாத இடத்திலிருந்து இரண்டாவது நன்கொடை வராது.

க்யூஆர் அட்டை, வாட்ஸ்அப் எல்லாம் வேண்டும்தான், நாங்களும் வைத்திருக்கிறோம். பணம் வந்து சேரும் வழியை அவை சுலபமாக்குகின்றன. ஆனால் யார் அனுப்பினார் என்று தெரியாமல் கணக்கில் வந்து விழும் நூறு ரூபாய் எனக்கு நிம்மதி தருவதில்லை. அவரைக் கண்டுபிடித்து நன்றி சொல்லும்வரை அந்தப் பணம் இன்னும் வந்து சேரவில்லை என்றே நான் எங்கள் அலுவலகப் பெண்ணிடம் சொல்வேன்.

ஒரு முக்கியமான விஷயம் மிச்சமிருக்கிறது, கணக்கைக் காட்டுவது. கஷ்ட காலத்தில் கணக்கை மறைக்கத் தோன்றும். பற்றாக்குறையைச் சொன்னால் மூழ்கும் கப்பலுக்கு யார் பணம் தருவார்கள் என்று பயம். 2021-இல் நாங்கள் திரும்ப அனுப்பிய முதல் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ளது உள்ளபடி போட்டோம். சேமிப்பு எத்தனை மாதத்துக்கு வரும், எந்த ஆசிரியருக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி, எதையெல்லாம் நிறுத்திவிட்டோம். கடிதம் போடாமல் இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டோம். குழுவில் இரண்டு பேர் அதைப் போட வேண்டாம் என்றார்கள். எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியைதான் போடுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். வந்த பதில்களில் பலவற்றில் பணத்தோடு கேள்விகளும் இருந்தன. வேனை விற்றுவிட்டு ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்யலாமே என்று ஒருவர். சம்பளப் பாக்கியை ஏன் வங்கிக் கடனாக எடுக்கவில்லை என்று இன்னொருவர். வேன் யோசனை சரியானது, அப்படியே செய்தோம். நம் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கிறவர் நன்கொடையாளர் என்ற இடத்தைத் தாண்டி வந்துவிட்டார். அப்படிப்பட்ட ஐம்பது பேர் இருந்தால் ஒரு சிறிய பள்ளி எந்த மந்தத்தையும் கடந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

இப்படியெல்லாம் பேசும்போது, நன்கொடையே இல்லாமல் நடத்த முடியாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். முடியும் இடங்கள் உண்டு. மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கொடுக்க முடிந்தவர் கொடுத்ததில் முடியாதவருக்கும் சிகிச்சை என்ற வழியில் அது வளர்ந்தது. கண்புரை பணக்காரருக்கும் வரும், ஏழைக்கும் வரும். அதனால் அந்தக் கணக்கு நின்றது. காது கேளாத பிள்ளையைப் பெற்ற கூலிக்காரருக்கு அப்படிக் கட்டணக் கணக்கு போட முடியாது. மனநலம் குன்றியோர் இல்லத்துக்கும், யாருமில்லாத முதியோர் இல்லத்துக்கும் முடியாது. அவை என்றும் கேட்டு வாழ வேண்டியவை. கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை, ஒரு பிள்ளைக்காகக் கேட்கும்போது.

என்னைக் கூப்பிட்டுக் கேட்ட அந்தக் கோவில்பட்டிப் பக்கத்து டீச்சர் இரண்டு வருடம் முன்பு காலமானார். அவருடைய மகன், டீச்சர் வீட்டு அலமாரியில் எங்கள் கடிதங்கள் எல்லாம் தேதி வரிசையில் அடுக்கி நூல் கட்டி இருந்ததாகச் சொன்னார். ஒரு வருட இடைவெளி மட்டும் இருக்கும். அந்த மகன் இப்போது அனுப்புகிறார். அவருக்கும் கடிதம் போகிறது.

வாசல் பக்கத்து மேசையில் அஞ்சலட்டைகள் வைத்திருக்கிறேன், ஒன்று ஐம்பது பைசா, இன்று என் செலவு. போன வருடத்துக்கு முந்தைய வருடம் கொடுத்து, போன வருடம் கொடுக்காத ஒருவர் உங்கள் ஒவ்வொருவர் நினைவிலும் இருப்பார். பணம் கேட்க வேண்டாம். உங்கள் இல்லத்தில் போன வாரம் நடந்த ஒன்றை எழுதுங்கள். முகவரி நினைவில்லாவிட்டால் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். தபால் பெட்டி இந்த மண்டபத்தின் எதிரிலேயே இருக்கிறது, நாலரை மணிக்கு வந்து எடுப்பார்கள். இப்போது மணி நாலு.